எழும்பூர்க் காட்சிசாலையில் ஆடவல்லான்

சென்னை மாநகரில் எழும்பூர்ப் பாந்தியன் சாலையிலுள்ள அரசினர் காட்சிசாலையை அந்நகரத்துப் பொதுமக்கள் நெடுங்காலம் ‘செத்த காலேஜ்’ என்றே வழங்கி வந்தனர். அது 1851-ஆம் ஆண்டில் எட்வர்டு பால்பர் என்னும் மேனாட்டு மருத்துவர் பொறுப்பில் ஒரு கல்லூரி மனையிலே தொடங்கப்பெற்று, 1854-இல் எழும்பூருக்குப் பெயர்ந்தது. கல்லூரி மனையிற் பிறந்தமையாற் காலேஜ் என்னும் பெயர் ஒட்டிற்றுப் போலும். 1855-இல் பால்பர் உயிர் விலங்குகளையும் அங்கே வைத்துக் காட்டத் தொடங்கினார். அவை பின்னர் வேறிடஞ் சென்றபோது அவ்விடம் ‘உயிர் காலேஜ்’ எனப்பட்டது. பாடஞ்செய்த பறவைகளும் திமிங்கிலத்தின் எலும்பும் எஞ்சியிருந்த எழும்பூர் மனை செத்ததாயிற்று. கல்லாதார் இட்ட பெயர் என்று இதனை நகைத்துத் தள்ளுதல் கூடாது. என்னை? அம்மதிலுக்குள்ளேயே, எலும்பும் தோலும் வைத்த கூடங்களுக்குச் சிறிது தொலைவில், திருவாலங்காட்டு ஆடவல்லான் திருமேனி நிற்கின்றது. அதுவும் செத்தவற்றுள் ஒன்றுதானோ என்னும் வினாவை அப்பெயர் தானே எழுப்பிவிடுகின்றது.

இவ்வினாவிற்குச் சைவ மக்களுள் இரு திறத்தார் இருவேறு விடை கூறுவர். ஒரு திறத்தார், பூசையின்றித் திருமேனிகளை நிறுத்திவைத்தல் சிறையிடுதலோடு ஒக்கும் என்றும், அங்கே சென்று காண்பதும் குற்றம் என்றும் சொல்லி விலகுவர். மற்றொரு திறத்தார், அவை கலைப்பொருள்கள்; கண்டு மகிழ்வதன்றி வேறொன்றும் வேண்டா என்பர். முன்னவர் காட்சிசாலையினுள்ளே நுழையாமலே தீர்ப்புச் சொல்லுகின்றனர். பின்னவர் நுழைந்தும் கண்டிலர். இவ்விரண்டனுள் எதனைக் கொள்ளுதற்கும் முன்னர், அக்கூடம் காண்பார்க்கு எதனைத் தருகின்றது, எதனைத் தாராது நிற்கின்றது என்று நிதானித்து நோக்குதல் வேண்டும்.

தருவதையே முதற்கண் சொல்லுதல் முறை. திருக்கோயிலில் உற்சவத் திருமேனியைக் காண்பார் எதனைக் காண்கின்றனர்? பட்டும் மாலையும் அணிகளும் மூடியவை போக எஞ்சிய திருமுகத்தையும், கைகளையும், எடுத்த திருவடியையுமே காண்கின்றனர். அது வழிபாட்டுக்கு ஏற்றதே, குறையன்று. ஆயினும் வார்த்த தபதி திருமேனியின் பின்புறத்தும் முன்புறத்துக்குச் சற்றும் குறையாத வேலையைச் செய்து வைத்தான். முதுகெலும்பின் மெல்லிய பள்ளமும், தோள்மீது விழுந்த சடையும், அரைப்பட்டிகையின் முடிச்சும், வலச்செவிக் குழையும் இடச்செவித் தோடும் வேறுவேறாய் நிற்கும் நயமும் கோயிலிற் பட்டர் ஒருவர்க்கே தெரிவன. எழும்பூரிலோ யாவரும் சுற்றி வந்து காணலாம். குழையும் தோடும் ஒருங்குடைமை அம்மையப்பர் ஒருவரை ஒருவர் பிரியாமையைக் காட்டுவதென்று நூலிற் படித்தவன், அதனைச் செம்பிலே கண்ணாற் காணுதற்கு இக்கூடமே வழி. இந்நன்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

மற்றொன்றும் உளது. கோயிலில் ஒரு பெருமானையே காணலாம். ஈண்டுப் பல ஊர்த் திருமேனிகள் அடுத்தடுத்து நிற்றலால் ஒன்றோடொன்றை ஒப்பு நோக்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திற் கிடைத்த ஆடற்பெருமான் பல்லவர் காலத்தது. அதனருகே திருவாலங்காட்டுப் பெருமானை எண்ணிப் பார்க்க, கூத்தின் நிலை சிற்பிகள் நெஞ்சில் தலைமுறை தலைமுறையாக எங்ஙனம் முதிர்ந்து வந்தது என்பது விளங்கும். திருவெண்காட்டு மாதொருபாகர் திருமேனியில் வலப்பால் இரண்டு கைகளும் இடப்பால் ஒரே கையும் அமைந்துள்ளன. மூன்று கை அமைத்தும் உருவிற் சமன் கெடாதிருத்தல் வியப்பினும் வியப்பு. சத்தியும் சிவமும் கதிரும் ஞாயிறும்போல் நிற்றலைச் சொல்லால் விளக்க முயன்று இளைத்த ஆசிரியன் ஒருவன், மாணாக்கனை இத்திருமேனி முன்னே கொண்டுவந்து நிறுத்துவானாயிற் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இனி, தாராது நிற்பதைச் சொல்லுதும். உலகத்துக் காட்சிசாலைகள் எவற்றினும் திருமேனியின் அடியிலே வைக்கும் குறிப்புப் பலகை பெரும்பாலும் பெயர், ஊர், நூற்றாண்டு என்னும் மூன்றோடு அமைந்துவிடுகின்றது. சிற்சில இடங்களில் உயரமும் உலோகமும் கூடும். இம்மூன்றும் வேண்டுவனவே. ஆனால் இவை ஒரு பாத்திரத்துக்கும் ஒரு வாளுக்கும் எழுதத்தகும் குறிப்பின் அளவே. இன்ன பொருட்கென்று இவ்வுரு எடுக்கப்பெற்றது என்பதனை இவற்றால் அறியலாகாது. இக்குறை எழும்பூருக்கே உரியதன்று. எனினும் எழும்பூரில் இஃது இருத்தல் பெரிதும் வருந்தத்தக்கது. அதற்குக் காரணம் உண்டு.

திருவாலங்காட்டுத் திருமேனியின் நிழற்படங்களைக் கண்டு பிரான்சு நாட்டுச் சிற்பி ரோடான் வியந்தெழுதிய குறிப்பு, அவர் 1917-இல் மறைந்தபின் 1921-இல் அச்சேறிற்று. அதனைப் பெருமிதத்தோடு எடுத்துரைப்பார் பலர். ரோடான் திருமேனியை நேரிற் கண்டவரல்லர். சைவ நூல் பயின்றவருமல்லர். உருவின் ஓட்டத்தையும் உயிர்ப்பையும் ஒரு பெருஞ்சிற்பியின் கண்கொண்டு உணர்ந்தார். அவ்வளவில் அவர் உணர்ச்சி மெய்யானது. அதற்கு முன்பே, 1912-இல், ஆனந்த குமாரசுவாமி அவர்கள் சிவன் கூத்தைப்பற்றிய தம் ஆங்கிலக் கட்டுரையை வெளியிட்டார்கள். அது வெளிவந்த இடம் பாரீசுமன்று, இலண்டனுமன்று. நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897-இல் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’ என்னும் சைவ சித்தாந்த வெளியீடேயாகும். உண்மை விளக்கமும் திருமந்திரமும் அக்கட்டுரைக்கு அடிப்படையாயின. இன்று உலகத்தின் எம்மூலையில் ஆடற்பெருமானைப்பற்றி எவர் எழுதினும் அக்கட்டுரை கொடுத்த விளக்கத்தையே அறிந்தோ அறியாமலோ வழிமொழிகின்றனர். தமிழ்ச் சைவர் பத்திரிகையிலிருந்து புறப்பட்ட பொருள் கடல் கடந்து சென்று பரவியது; அத்திருமேனி நிற்கும் மேடையின் அடிப்பலகைக்கு மட்டும் அது வந்து சேர்ந்திலது.

பொருள் சேராமையால் வரும் இழப்பு யாதோ எனின், ஒரே எடுத்துக்காட்டு அமையும். திருவாலங்காட்டுத் திருமேனிக்குச் சுற்றிலும் திருவாசி இப்பொழுது இல்லை. இது தெரியாத ஒருவர் அதனை முற்ற அமைந்த உருவென்றே கொள்ளுவர். திருவாசி இன்மையால் உடலின் வளைவு தெளியத் தோன்றுகின்றது என்று பாராட்டவும் செய்வர். உண்மை விளக்கமோ திருவாசியை ஓங்காரம் என்கின்றது. ஓங்காரத்தை நீக்கியபின் எஞ்சிய கூத்தைக் காண்கின்றோம் என்பதைக் காண்பவர் அறியாதே போகின்றனர். இழந்ததை இழந்ததென்று சொல்லாத குறிப்பு, உள்ளதையும் பிறழக் காட்டுகின்றது.

இனி ஓர் ஐயம். உண்மை விளக்கம் இயற்றிய மனவாசகங்கடந்தார் 13-ஆம் நூற்றாண்டினர்; திருமேனியோ அதனினும் முற்பட்ட சோழர் காலத்தது. பின்னூற் பொருளை முன்னுருவின்மேல் ஏற்றுதல் யாங்ஙனம் பொருந்தும் என ஆராய்ச்சியாளர் வினவுவர். வினவுதல் தக்கதே. துடியிற் படைத்தலும், அமைத்த கையிற் காத்தலும், அங்கியில் அழித்தலும், ஊன்றிய அடியில் மறைத்தலும் என இவ்வாறு தொழில்களை உறுப்புகளில் வைத்துக் கூறும் முறை திருமந்திரத்தும் உள்ளது. திருமந்திரத்தின் காலத்தைப்பற்றிக் கருத்து வேற்றுமை உண்டேனும், அது மெய்கண்ட நூல்களுக்கு முற்பட்டதென்பதில் ஐயமின்று. அன்றியும், தபதி தன் மனம்போனவாறு உருவெடுத்தவனல்லன். ஆகமமும் சிற்பநூலும் வகுத்த இலக்கணத்துட்பட்டே வார்த்தான். அவன் கையில் உருவாகவும், ஆசிரியர் நாவிற் சொல்லாகவும் ஒரே மரபு வழங்கிற்று. இதனைத் திட்டமாக நிறுவியபின்பே பலகையில் எழுதவேண்டும் என்பாராயின், ‘சைவ நூல்கள் இங்ஙனம் பொருள் கூறும்’ என்று எழுதுதற்கு எந்த ஆராய்ச்சியும் தடையாகாது.

பீடத்தைக் கூர்ந்து நோக்குவார் பல திருமேனிகளில் துளைகளையும் வளையங்களையும் காண்பர். அவை தண்டு செருகி எழுந்தருளச் செய்தற்கென்று அமைந்தன. இத்திருமேனிகள் வீதியில் நடந்தவை என்பதற்குச் சான்று. நொண்டியும் முதியவளும், கோயிலுக்குட் புக வழக்கம் இடங்கொடாத காலத்திற் புறத்தே நின்றோரும், தம் வாயிலிலிருந்தே கண்டு தொழும்படி பெருமான் தானே புறப்பட்டு வந்த வரலாறு அத்துளையில் அடங்கியிருக்கின்றது. சில திருமுகங்களில் மூக்கும் இதழும் தேய்ந்து மழுங்கியிருக்கும். கலைநூலார் அதனைச் சிதைவு என்று குறிப்பர். பன்னூறாண்டு பாலும் தேனும் ஆட்டித் துலக்கிய கைகளின் தேய்வு அது. சிதைவு என்பதும் வழிபாட்டின் தடம் என்பதும் ஒரே தேய்வுக்கு இரண்டு பெயர். எழுதுபவன் எதனைத் தேர்கின்றான் என்பதிலேயே அவன் நிற்கும் இடம் தெரிந்துவிடும்.

பெயர்களிலும் ஒரு குறை உண்டு. கீழப்புதனூரிற் கிடைத்த, நஞ்சக் கிண்ணம் ஏந்திய பெருமானை ‘விஷாபஹரணர்’ எனக் குறிப்பது நூல்வழக்கு. அப்பெயரைப் படித்துத் திகைத்துச் செல்லும் நாட்டுப்புறத்தார்க்குத் ‘திருநீலகண்டம்’ என்று சொல்லியிருந்தால் அக்கணமே கை குவிந்திருக்கும். வடமொழிப் பெயரை விலக்கவேண்டுவதில்லை. அதனருகே திருமுறைகளில் வழங்கும் பெயரையும் எழுதுதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? ‘ஐம்பொன்’ என்னும் வழக்கும் ஆராயத்தக்கது. சோதனையில் இவற்றிற் பெரும்பகுதி செம்பென்றும், வெள்ளீயமும் காரீயமும் சிறுபான்மை என்றும், பொன்னும் வெள்ளியும் மிக அற்பம் என்றும் தெரிகின்றன. பழைய கல்வெட்டுகள் செப்புத் திருமேனி என்றே உண்மையைச் சொல்லின. பிற்காலத்தார் பொன்னாசையால் ஐம்பொன் என்று பெருக்கினர். அவ்வாசையே களவுக்கும் வித்தாயிற்று.

குறிப்பு எழுதும் கலையை அயலாரிடம் கற்கவேண்டிய வறுமை தமிழர்க்கு இல்லை என்பதனைத் தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள் காட்டும். முதலாம் இராசராசனும் அவன் தமக்கையாரும் தேவியரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த அறுபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளை அக்கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றன. முழம் இத்தனை, விரல் இத்தனை, கைகள் இத்தனை, கனமாக வார்த்ததோ பொள்ளலாக வார்த்ததோ, பீடம் எத்தகையது, பதுமம் எத்தகையது, திருவாசி எத்தகையது என இன்றைய காட்சிசாலைப் பதிவேடும் நாணும்படி அளவு கூறுகின்றன. அளவோடு நின்றனவோ? இல்லை. திருமேனியின் பெயரும், எடுப்பித்தவர் பெயரும், அணியும், பூசைக்கும் விழாவிற்கும் விட்ட நிவந்தமும் உடன் வருகின்றன. கோயிற் காரியம் பார்த்த பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்பவன் சமய குரவர் திருமேனிகளையும், நங்கை பரவையாரையும், சிறுத்தொண்ட நம்பியையும் சீராளதேவரையும் எழுந்தருளுவித்த செய்தியைப் படிப்பார், ஓர் அதிகாரியின் நெஞ்சு எப்பொழுதும் எதனை நினைந்துகொண்டிருந்தது என்று உணர்வர். பொன் நிறுக்கும் கல்லுக்கும் நெல் அளக்கும் மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயரிட்ட காலம் அது. அளவும் பொருளும் பகையல்ல. ஒரே கல்லில் ஒரே உளியால் இரண்டையும் எழுதினர். அத்திருமேனிகளுட் பெரும்பாலன இன்று கிடைத்தில. குறிப்பு நிலைத்துப் பொருள் மறைந்தது அங்கே. எழும்பூரிற் பொருள் நிலைத்துக் குறிப்பு மறைந்து நிற்கின்றது.

சென்னையிலேயே புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1948-இல் திறக்கப்பெற்ற மற்றொரு காட்சிசாலை உண்டு. ஆங்குள்ள கார்ன்வாலிஸ் பிரபுவின் சலவைக்கற் சிலையின் பீடத்தில், திப்பு சுல்தானின் இரு மைந்தர் 1792-இற் பிணையாக ஒப்புவிக்கப்பட்ட காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அவ்வுரு எதற்காக எடுக்கப்பட்டது, எவர் வென்றார், எவர் தோற்றார் என்பது சிலையிலேயே விளங்கும்படி மேனாட்டார் செய்துகொண்டனர். தம் வெற்றிக்கு அவர் இட்ட கருத்தில் ஒரு கூறேனும் நம் முன்னோர் வழிபட்ட திருமேனிக்கு நாம் இட்டிலம் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

‘நாம்’ என்றது வேண்டுமென்றே சொல்லியது. எழும்பூர்ச் செப்புத் திருமேனிகளின் பெரும் பட்டியல் 1932-இல் வெளிவந்தது; இயற்றியோர் கிரேவ்லி என்பாரும் டி. என். இராமச்சந்திரன் அவர்களும். கிரேவ்லி, விலங்கு நூல் வல்லவர். சிலந்தி முதலிய சிற்றுயிர்களை ஆராய்ந்தவர். அத்தகையவர் சிவபெருமான் திருமேனிகளின் அணிவேறுபாடுகளை உற்றுநோக்கிக் காலம் வகுக்க முயன்றார். அதே காலத்துத் தமிழ்நாட்டிற் சாத்திரம் பதினான்கும் தலைகீழாக ஒப்பிக்கவல்ல வித்துவான்கள் மடங்கள்தோறும் இருந்தனர். அவர்களுள் எத்துணையர் எழும்பூர் சென்று ஒரு திருமேனிக்கேனும் தமிழிற் குறிப்பு வரைந்தனர்? சிலந்தி ஆராய்ந்தவர் தம் கடமையைச் செய்தார். செய்யாதவரைக் கேட்க வேண்டிய கேள்வியை அவரிடம் கேட்டல் முறையன்று.

இனி, சிறை என்பாரது கொள்கைக்கு வருதும். இத்திருமேனிகளிற் பல காட்சிசாலையார் கோயிலிலிருந்து கவர்ந்தவையல்ல. படையெடுப்புக் காலங்களில் அன்பர்களே மண்ணிற் புதைத்து மறைத்தனர்; புதைத்தவர் மாண்டனர்; உழுபவர் கொழுவிலும் கிணறு வெட்டுவார் கடப்பாரையிலும் அவை வெளிப்பட்டன. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி ஆட்சியரிடம் சேர்ந்து, அங்கிருந்து எழும்பூர் வந்தன. மண்ணின் உப்பால் அரிப்புற்றவற்றை வேதியியல் முறையாற் காக்கும் பணியும் அங்கே நடந்துவருகின்றது. புறத்தே இருந்தவற்றின் கதி யாதாயிற்று? பத்தூரில் 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்ட ஆடற்பெருமான் இலண்டன் வணிகர் கைக்குச் சென்றார். நெடிய வழக்கின்பின் 1991-இலேயே மீண்டார். சீபுரந்தான் பெருமானை ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைகொடுத்து வாங்கி, களவு வெளிப்பட்டபின் 2014-இல் திருப்பித் தந்தது. பூட்டும் காவலும் அற்ற கோயில்களின் நிலை இதுவாயின், காவலுள்ள இடத்தைச் சிறை என்று பழித்தல் பொருந்தாது.

ஆயின் பத்தூர் வழக்கிலே ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. பாழ்பட்டுப் பூசை நின்ற கோயிலும் தன் பொருளை மீட்க வழக்காடும் உரிமையுடையதென்று இலண்டன் மேல்முறையீட்டு மன்றம் 1991-இல் ஒப்பியது. பூசை நின்றதனால் உடைமை நீங்கவில்லை என்பது அதன் கருத்து. சித்தாந்தமும் இதனையே வேறு நிலையில் வைத்துக் கூறும். சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுக என்றது. முதல்வன் அவ்விடங்களிலே தயிரில் நெய்போல விளங்கியும், ஏனையிடங்களிற் பாலில் நெய்போல் விளங்காதும் நிற்பன் என்று விளக்குவர். பூசை நீங்கிய திருமேனியில் விளக்கம் மறையலாம், மறைவு இன்மையாகாது. பாலில் நெய் இல்லை என்று சொல்வார் எவருமிலர். ஆகவே அங்கே கற்பூரம் ஏற்றவேண்டும் என்னும் பிடிவாதமும் வேண்டா. அங்கே ஒன்றுமில்லை என்னும் துணிவும் தகாது. கூட்டத்திடையே ஓர் ஏழை மூதாட்டி செருப்பை வாயிலிலே விட்டு வந்து ஒரு நொடி கைகூப்பிச் செல்வாளாயின், அவள் செய்கையை அறியாமை என்று எண்ணுதற்கு எந்நூலும் இடந்தாராது.

கோயில் இன்னதென்று தெளிவாகத் தெரிந்து, அங்கே பூசையும் காவலும் உறுதிப்பட்டவிடத்துத் திருமேனியைத் திருப்பித் தருதலே நேரிது. அதனைச் சட்டம் அறிந்தார் வழிப்படுத்துக. கோயில் அறியப்படாதனவும், கோயிலே அழிந்தொழிந்தனவும் இங்கேயே இருக்க. பாஸ்டன் நகரக் காட்சிசாலையில் 1917 முதல் 1947-இல் மறையும்வரை பணியாற்றிய குமாரசுவாமி அவர்கள், பழம்பொருள்கள் காட்சிசாலைக்கென்று செய்யப்பட்டவையல்ல, அவற்றின் பயனை அறிவித்தலே காட்சிசாலையின் கடமை என்று பலகாலும் வலியுறுத்தினார்கள். காட்சிசாலைக்குள் நின்றே இதனைச் சொன்னமையால் அச்சொல்லுக்கு வலி மிகுதி.

பலகை சிறிது, இடமில்லை என்பார்க்கு விடையாக, திருவாலங்காட்டுத் திருமேனிக்கு ஒரு குறிப்பு வருமாறு:

‘ஆடவல்லான். செப்புத் திருமேனி. ஊர் திருவாலங்காடு, காரைக்காலம்மையார் பாடிய தலம். சோழர் காலம். திருவிழாவில் வீதி எழுந்தருளுதற்கு மெழுகிற் கருக்கட்டி வார்த்தது. துடிக்கு உரிய வலக்கை படைத்தல். அமைத்த வலக்கை காத்தல். தீக்கு உரிய இடக்கை அழித்தல். ஊன்றிய திருவடி மறைத்தல். எடுத்த திருவடி அருளல். வீசிய கை அவ்வடியைச் சுட்டுகின்றது. அடியிற் கிடக்கும் முயலகன் உயிரைப் பற்றிய மலம். ஓங்காரம் எனப்படும் திருவாசி கிடைத்திலது. பின்புறமும் காண்க.’